மின்வெட்டுக்கு நடுவே உறங்கி விழிக்கும் கணினி: யாங்கூனில் நான்கு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

யாங்கூனில் வீட்டிலேயே தமிழ்த் தட்டச்சும் பக்க வடிவமைப்பும் செய்து பிழைப்பவன் நான். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பு, கோயில் திருவிழா நோட்டீஸ், கருமாதிப் பத்திரிகை என்று மாதம் முழுவதும் ஏதாவது ஒரு வேலை மேசையில் இருக்கும். இரண்டு கணினிகள் வைத்திருக்கிறேன். ஒன்று 2016இல் வாங்கிய மேசைக் கணினி. 8 ஜிபி நினைவகம், விண்டோஸ் 10. மற்றொன்று 2021 கடைசியில் வாங்கிய மடிக்கணினி. 16 ஜிபி நினைவகம், விண்டோஸ் 11. இவற்றின் வேகம், திரை, விலை பற்றியெல்லாம் நான் எழுதப்போவதில்லை. கணினி உறங்குவது, விழிப்பது, விழித்தபின் நம்மை உள்ளே விடுவது ஆகிய மூன்றில்தான் இந்த நான்கு ஆண்டுகளில் நான் அதிகம் அல்லல்பட்டேன்; அதிகம் கற்றுக்கொண்டதும் அவற்றில்தான்.

எங்கள் தெருவில் மின்சாரம் முறைவைத்து வரும். நான்கு மணி நேரம் இருக்கும், நான்கு மணி நேரம் இருக்காது. சில மாதங்களில் அந்தக் கணக்கும் நிற்காது. மின்சாரம் திரும்பியதும் "மீ லாபி" என்று தெருப் பிள்ளைகள் கூவுவார்கள். விளக்கு வந்துவிட்டது என்று பொருள். அந்தக் கூவல் கேட்ட கணத்தில் தண்ணீர் மோட்டார், சோற்றுப் பானை, கணினி மூன்றும் ஒன்றாக ஓடத் தொடங்கும். இப்படிப்பட்ட ஊரில் கணினியை ஸ்லீப் நிலையில் விட்டுவைப்பது, தடையில்லா மின்சாரம் உள்ள ஊரில் விட்டுவைப்பதைப் போன்றதன்று. இதை நான் ஒரு கல்யாணப் பத்திரிகையை இழந்துதான் தெரிந்துகொண்டேன்.

2022இல் ஒரு பெரியவர் தம் பேத்தியின் திருமணப் பத்திரிகைக்குப் பெயர்ப் பட்டியல் கொண்டுவந்தார். இரு வீட்டு உறவுகளையும் முறைப்படி, மூத்தவர் முதல் இளையவர் வரை, ஒரு பெயரும் விட்டுப்போகாமல் அடுக்கிக்கொண்டிருந்தேன். இடையில் சாப்பிட எழுந்தபோது கோப்பைச் சேமிக்காமல் மேசைக் கணினியை ஸ்லீப்பில் போட்டேன். மின்சாரம் போனது. யூபிஎஸ் சிறிது நேரம் தாங்கிப் பின்னர் அணைந்தது. மாலையில் மின்சாரம் வந்து கணினியைப் போட்டபோது அது விழிக்கவில்லை, புதிதாகத் தொடங்கியது. மூன்று மணி நேர வேலை போயிற்று. "தம்பி, பத்திரிகை என்னாச்சு?" என்று மறுநாள் அவர் வந்து நின்றபோது, "இன்னும் ஒரு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள், ஐயா" என்று சொல்வதற்கு எனக்கு மிகவும் சங்கடமாக இருந்தது.

அன்றிரவு ஈவென்ட் வியூவர் என்ற நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். கெர்னல்-பவர் என்ற பெயரில் 41ஆம் எண் நிகழ்வு பதிவாகியிருந்தது. முறையாக அணைக்கப்படாமலே கணினி மறுபடி தொடங்கியது என்பதற்கான குறிப்பு அது. அதற்கு முன்னால் 42ஆம் எண், அதாவது கணினி உறங்கப்போன நேரம். இரண்டுக்கும் நடுவில் விழித்ததற்கான பதிவே இல்லை. உறங்கிய கணினி உறக்கத்திலேயே மின்சாரத்தை இழந்தது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

எஸ்3 எனப்படும் பழைய முறை ஸ்லீப்பில், திறந்திருக்கும் கோப்புகள் எல்லாம் ரேம் நினைவகத்தில் மட்டுமே இருக்கும். மற்ற பாகங்கள் அணைந்தாலும், நினைவகத்துக்கு மட்டும் சிறிதளவு மின்சாரம் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அது நின்றால் எல்லாம் போய்விடும். எஸ்4 எனப்படும் ஹைபர்நேட் நிலையில், நினைவகத்தில் உள்ளதை வட்டில் ஒரு கோப்பாக எழுதி வைத்துவிட்டுக் கணினி முழுவதுமாக அணைந்துவிடும். பிளக்கைப் பிடுங்கினாலும் எதுவும் கெடாது. மேசைக் கணினிகளில் இவ்விரண்டையும் சேர்த்த ஹைப்ரிட் ஸ்லீப் என்ற ஒன்றும் உண்டு. ரேமிலும் வைத்துக்கொள்ளும், வட்டிலும் எழுதிக்கொள்ளும். மின்சாரம் இருந்தால் சட்டென்று விழிக்கும், இல்லாமல் போனால் வட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும். மின்வெட்டுள்ள ஊருக்கென்றே செய்தது போன்ற வசதி அது.

அப்படியானால் என் கணினியில் அது ஏன் வேலை செய்யவில்லை? கமாண்ட் பிராம்ப்ட் என்ற கட்டளைத் திரையில் ‘பவர்சிஎஃப்ஜி /ஏ’ (powercfg /a) என்று ஆங்கில எழுத்தில் கொடுத்தால், அந்தக் கணினிக்கு எந்தெந்த உறக்க நிலைகள் கிடைக்கும், கிடைக்காதவை ஏன் கிடைக்கவில்லை என்று வரிவரியாகக் காட்டும். ஹைபர்நேட் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, ஆகவே ஹைப்ரிட் ஸ்லீப்பும் கிடைக்காது என்று என் கணினி காட்டியது. விண்டோஸ் நிறுவித் தந்த கடைக்காரர், 120 ஜிபி எஸ்எஸ்டியில் இடம் மிச்சப்படுத்துவதற்காக அதை நிறுத்தியிருக்கிறார். ஹைபர்நேட் கோப்பு இயல்பாக நினைவகத்தின் அளவில் 40 விழுக்காடு இடம் கேட்கும். 8 ஜிபிக்கு ஏறக்குறைய 3.2 ஜிபி. அந்த இடத்துக்காக என் மூன்று மணி நேர உழைப்பு போனது. நிர்வாகி உரிமையோடு திறந்த கட்டளைத் திரையில் ‘பவர்சிஎஃப்ஜி /ஹெச் ஆன்’ (powercfg /h on) என்ற ஒற்றை வரி கொடுத்ததும் அது திரும்பி வந்தது. பழைய மேசைக் கணினி வைத்திருப்பவர்கள் வேறெதைச் செய்யாவிட்டாலும் இந்த ஒன்றை இன்றே சோதித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த தொல்லை இதற்கு நேர்மாறானது: உறங்க வேண்டிய கணினி உறங்காமல் விழித்துக்கொண்டது. இன்வெர்ட்டரும் பேட்டரியும் வாங்கியபின், மின்சாரம் இல்லாத நேரத்திலும் மேசைக் கணினியை ஸ்லீப்பில் வைக்க முடிந்தது. ஆனால் சில நாள் காலையில் எழுந்து பார்த்தால் திரை எரிந்துகொண்டிருக்கும், பேட்டரி வற்றியிருக்கும். வைரஸ் என்றார் ஒருவர், பவர் சப்ளை பழுது என்றார் மற்றொருவர். நானும் சில வாரம் ஊகத்திலேயே காலத்தைக் கழித்தேன். பிறகு, விழித்திருப்பதைக் கண்ட ஒரு காலையில் எதையும் தொடுவதற்கு முன் ‘பவர்சிஎஃப்ஜி /லாஸ்ட்வேக்’ கொடுத்தேன். கடைசியாகக் கணினியை எழுப்பியது எது என்று அது சொல்லும். சுட்டி என்று வந்தது. வீட்டில் யாரும் தொடாத சுட்டி எப்படி எழுப்பும் என்று புரியாமல் இருந்தபோது, கீழ்த்தளக் கடைக்காரர் தம் ஜெனரேட்டரைப் போட்டார். மேசைமேல் இருந்த தேநீர்க் கோப்பையில் தண்ணீர் வட்டமிட்டு அதிர்ந்தது. ஒளிச்சுட்டி மயிரிழை அசைந்தாலும் அதை அசைவாகவே எடுத்துக்கொள்ளும். தெருவே இருட்டாகி ஜெனரேட்டர் ஓடுகிற சமயம் பார்த்து, மிச்சம் பிடிக்க வேண்டிய பேட்டரியை என் கணினி செலவழித்திருக்கிறது.

டிவைஸ் மேனேஜரில் சுட்டியின் பண்புகளைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பகுதியில், கணினியை எழுப்ப இதற்கு அனுமதி என்ற குறியை எடுத்துவிட்டேன். விசைப்பலகைக்கு மட்டும் அந்த அனுமதியை வைத்தேன். அதன்பின் ஓரிரு முறை நள்ளிரவில் விழித்தது. ‘பவர்சிஎஃப்ஜி /வேக்டைமர்ஸ்’ கொடுத்துப் பார்த்ததில் தானியங்கிப் பராமரிப்பு வேலை ஒன்று நேரம் குறித்து வைத்திருந்தது தெரிந்தது. பவர் பிளான் அமைப்பில், குறித்த நேரத்தில் கணினியை எழுப்பும் வேக் டைமர்களை நிறுத்தியதும் அதுவும் ஓய்ந்தது.

மடிக்கணினியின் கதை வேறு. அதில் எஸ்3 என்பதே இல்லை. அண்மைக்கால மடிக்கணினிகள் பலவற்றில் மாடர்ன் ஸ்டேண்ட்பை எனப்படும் எஸ்0 நிலைதான் உண்டு. கைப்பேசியைப் போலத் திரையை அணைத்துவிட்டு, உள்ளே சிறிது வேலை செய்துகொண்டே இருக்கும். தூக்கத்திலும் மின்னஞ்சல் வர வேண்டும் என்பவர்களுக்கு அது உதவலாம். எனக்கு உதவவில்லை. மூடிப் பையில் வைத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போய்த் திறந்தால் அடிப்பக்கம் சுட்டது. இரவு 80 விழுக்காட்டில் மூடி வைத்தால் விடியும்போது பாதிகூட இருக்காது. ‘பவர்சிஎஃப்ஜி /ஸ்லீப்ஸ்டடி’ கொடுத்துப் பெற்ற அறிக்கையில், கடந்த மூன்று நாள்களில் ஒவ்வொரு உறக்கத்திலும் எவ்வளவு பேட்டரி போனது, எந்தப் பாகம் விழித்திருந்தது என்பது இருக்கும். என் அறிக்கையில் வைஃபை அட்டைதான் மேலே நின்றது. மின்சாரம் போகும்போது வீட்டு ரௌட்டரும் போய்விடுகிற ஊரில் அது எதைத் தேடிக்கொண்டிருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சில அமைப்புகளை மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் மூடியை மூடினால் ஹைபர்நேட் ஆக வேண்டும் என்றே வைத்துவிட்டேன். கன்ட்ரோல் பேனலில் பவர் பட்டன் அமைப்புக்குள் போய், மூடியை மூடும்போது என்ன செய்ய வேண்டும் என்பதற்கு எதிரே ஹைபர்நேட் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். திறந்தால் உடனே திரை வராது. என் கணினியில் இருபது விநாடிக்குள் வரும். அந்த இருபது விநாடி எனக்கு இழப்பாகத் தெரியவில்லை. பேட்டரி விடியும்வரை அப்படியே நிற்பது பெரிய ஆறுதல்.

விழித்தபின் திரை கறுப்பாகவே நிற்கும் தொல்லை இரண்டு கணினிகளிலும் எப்போதாவது வரும். விண்டோஸ் விசை, கன்ட்ரோல், ஷிப்ட், பி (B) ஆகிய நான்கையும் சேர்த்து அழுத்தினால், திரையை இயக்கும் டிரைவர் எனப்படும் திரை இயக்கி மட்டும் மறுபடி தொடங்கும். திறந்த கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பதற்கு முன் இதை முயல வேண்டும்.

இனி உள்ளே நுழையும் சிக்கலுக்கு வருகிறேன். மற்ற ஊர்க்காரர்களைவிட எங்களைப் போன்ற பர்மாத் தமிழர்களை இது கூடுதலாகப் படுத்தும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் எங்கள் கணினியில் மூன்று விசைப்பலகைகள் இருக்கும்: ஆங்கிலம், தமிழ், பர்மியம். தமிழ் வேலைக்கு நடுவில் கணினி பூட்டிக்கொண்டது. திரும்பி வந்து கடவுச்சொல்லை அடித்தேன், தவறு என்றது. மெதுவாக அடித்தேன், தவறு. கேப்ஸ் லாக்கைப் பார்த்தேன், சரியாகவே இருந்தது. கடவுச்சொல்லை யாரோ மாற்றிவிட்டார்களோ என்ற பயம் வந்துவிட்டது, ஏனென்றால் வாடிக்கையாளர்களின் வீட்டு விவரமெல்லாம் அதற்குள் இருக்கிறது. பெட்டியின் ஓரத்திலுள்ள கண் குறியை அழுத்திப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. ஆங்கில எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் ‘கபம’ என்று தொடங்கும் ஒரு தமிழ்ச் சரம் நின்றது. தமிழ்99 விசைப்பலகையில் ஹெச், ஜே, கே விசைகள் க, ப, ம ஆகும் என்பது தினமும் தட்டுகிற எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். கணினி பூட்டியபோது எந்த விசைப்பலகை இருந்ததோ, அதுவே பூட்டுத் திரையிலும் தொடர்ந்திருக்கிறது. எழுத்துகள் புள்ளிகளாக மறைந்துவிடுவதால் அது கண்ணில் படவில்லை.

பூட்டுத் திரையின் கீழ் மூலையில் மொழிக் குறி இருக்கும். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் விசையை அழுத்தினால் விசைப்பலகை மாறும். கடவுச்சொல் ஏற்கப்படவில்லை என்றால் நான் இப்போது முதலில் பார்ப்பது அந்த மூலையைத்தான். கடவுச்சொல்லுக்குப் பதிலாக எண்களாலான பின் (PIN) எண்ணை வைத்துக்கொண்டதும் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது. பின் எண் அந்த ஒரு கணினிக்கு மட்டும் உரியது, இணையம் இல்லாமலே வேலை செய்யும் என்பதும் எங்கள் நிலைமைக்கு நல்லது. விண்டோஸில் நுழையப் பயன்படும் மைக்ரோசாஃப்ட் இணையக் கணக்கின் கடவுச்சொல்லைக் கைப்பேசியில் மாற்றிவிட்டு, இணையம் இல்லாத கணினியில் புதியதை அடித்தால் அது ஏற்காது. இணையத்தோடு சேரும்வரை பழையதையே கேட்கும். என் மைத்துனர் இதில் ஒரு பகல் முழுவதும் மாட்டிக்கொண்டார். "மச்சான், பழசை ஒரு தடவை அடித்துப் பாருங்கள்" என்று தொலைபேசியில் சொன்ன பிறகுதான் உள்ளே போனார்.

மேசைக் கணினியில் இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் அதன் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போய் நின்றது. தேதி தவறாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று இணையதளங்கள் மறுக்கும். இணையக் கணக்கில் நுழைவதும் தடைப்படும். தாய்ப்பலகையில் நாணயம் போல ஒட்டியிருக்கும் சிஆர்2032 என்ற 3 வோல்ட் பேட்டரி தீர்ந்திருந்தது. கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். மாற்றிய அன்றே கடிகாரம் சீரானது.

மடிக்கணினி வைத்திருப்பவர்கள் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைக்க வேண்டும். வட்டில் உள்ளதைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் வட்டு மறையாக்கம் தானாகவே இயங்கியிருக்கலாம்; கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை நிரலான பயாஸில் மாற்றம் ஏதும் நேர்ந்தால் 48 இலக்கச் சாவியைக் கேட்டு நின்றுவிடும். அது இணையக் கணக்கில் இருக்கும், ஆனால் கேட்கிற நேரத்தில் இணையம் இருக்கும் என்பதற்கு இங்கே உறுதியில்லை. நான் இரண்டு பிரதி எழுதி, ஒன்றை வீட்டுப் பத்திரத்தோடும் மற்றொன்றை அக்கா வீட்டிலும் வைத்திருக்கிறேன்.

முழுவதும் தீர்ந்ததா என்று இன்னும் உறுதியாகாதது ஒன்று உண்டு. ஹைபர்நேட்டிலிருந்து விழித்ததும் மடிக்கணினியின் வைஃபை சில சமயம் காணாமல் போகிறது. மின் சேமிப்புக்காக அந்த அட்டையை அணைக்கலாம் என்ற அனுமதியை எடுத்தபின் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. ரீஸ்டார்ட் செய்தால் வந்துவிடுகிறது. ஷட்டவுன் செய்து மறுபடி போட்டால் சில முறை வருவதில்லை. விரைவாகத் தொடங்குவதற்கான ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதி இயங்கும் கணினியில் ஷட்டவுன் என்பது அரைகுறை ஹைபர்நேட்தான். இயக்கிகளின் நிலையை வட்டில் வைத்து அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறது. ரீஸ்டார்ட் மட்டுமே எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குகிறது. ஆகவே ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை இந்த மாதம் நிறுத்தி வைத்திருக்கிறேன். இரண்டு வாரமாக வைஃபை ஒருமுறைகூடத் தவறவில்லை.