கோட்டையா, டெல்லியா? தொழிலதிபருக்கு எந்த நாற்காலி தோது

கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட்டிலோ மாங்கூழிலோ நாலு காசு பார்த்தவர்களுக்கு ஒரு கட்டத்தில் தேர்தல் ஆசை வந்துவிடுகிறது. சீட்டு கிடைக்கும் என்று தெரிந்ததும் அடுத்த கேள்வி: எம்.எல்.ஏ.வா, எம்.பி.யா?

இரண்டு பக்கமும் போனவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். 1996இல் பர்கூரில் ஜெயலலிதாவைத் தோற்கடித்த சுகவனம், பிறகு கிருஷ்ணகிரி எம்.பி. ஆனார். ஓசூர் எம்.எல்.ஏ.வாக இருந்த கோபிநாத் 2024இல் டெல்லி போனார். கே.பி.முனுசாமி போனது எதிர்த்திசை. 2021இல் வேப்பனஹள்ளியில் வென்றவுடன், பல வருடம் பாக்கியிருந்த ராஜ்யசபா பதவியை உதறினார். அதெல்லாம் கட்சிக்காரர்களின் கணக்கு. தொழில் வைத்திருப்பவரின் கணக்கு வேறு.

முதலில் பணம். எம்.எல்.ஏ.வுக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி வருடத்துக்கு 3 கோடி, எம்.பி.க்கு 5 கோடி. எம்.பி.க்குத்தான் அதிகம் என்று தோன்றும். ஆனால் கிருஷ்ணகிரி எம்.பி. தொகுதியில் ஊத்தங்கரை, பர்கூர், கிருஷ்ணகிரி, வேப்பனஹள்ளி, ஓசூர், தளி என ஆறு சட்டமன்றத் தொகுதிகள். பிரித்தால் ஒன்றுக்கு ஒரு கோடிகூட வராது. தேர்தல் செலவு வரம்பு 2022இலிருந்து சட்டமன்றத்துக்கு 40 லட்சம், மக்களவைக்கு 95 லட்சம். (கணக்கில் காட்டும் செலவைத்தான் சொல்கிறேன்.)

விஷயம் உண்மையில் சிக்கலாவது தொழிலில்தான். கிரானைட் சிறுகனிமம். குவாரி குத்தகை, லாரிக்கு நடைச்சீட்டு (கல்லை ஏற்றிச் செல்லும் பர்மிட்) எல்லாம் மாநில அரசின் கையில். மாசுக்கட்டுப்பாட்டு வாரியமும் மின்வாரியமும் அப்படியே. ஆக, குவாரிக்காரருக்குக் கோட்டைதான் பக்கம். அதனாலேயே அவரைக் கோட்டைக்கு அனுப்ப ஊர் யோசிக்க வேண்டும் என்பது என் வாதம். பர்மிட் கேட்பவரும் பர்மிட் கொடுக்கும் துறையைச் சட்டசபையில் கேள்வி கேட்பவரும் ஒரே ஆளாக இருந்தால், கேள்வி எப்படி இருக்கும்?

சட்டம் இதைத் தொட்டிருக்கிறது, ஆனால் பாதிதான். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 9ஏ பிரிவுப்படி, அரசுக்குப் பொருள் கொடுக்கவோ அரசு வேலை எடுத்துச் செய்யவோ ஒப்பந்தம் நடப்பில் இருப்பவர் போட்டியிட முடியாது. எந்த அரசு என்பதில்தான் சூட்சுமம். சட்டமன்றத்துக்கு மாநில அரசு. நாடாளுமன்றத்துக்கு மத்திய அரசு. நெடுஞ்சாலைத் துறையில் மாநில கான்ட்ராக்ட் ஓடிக்கொண்டிருப்பவர் எம்.எல்.ஏ.வுக்கு நிற்க முடியாது, எம்.பி.க்கு நிற்கலாம். ரயில்வே கான்ட்ராக்டர் என்றால் தலைகீழ். வேலையை முழுசாக முடித்துவிட்டுப் பில்லுக்குக் காத்திருப்பவருக்கு எங்கேயும் தடையில்லை. குவாரி குத்தகைக்காரரோ பொருள் கொடுப்பவரும் அல்ல, வேலை செய்பவரும் அல்ல. இந்தப் பிரிவின் வாசகம் அவரை நேராகப் பிடிப்பதில்லை.

மாங்கூழ்க்காரர் கதை வேறு. ஏற்றுமதி, துறைமுகம், ரயில் என அவருக்கு வேண்டியதில் பாதி டெல்லியில் இருக்கிறது. கிருஷ்ணகிரி நகரத்துக்கு இன்றும் ரயில் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் திருப்பத்தூரிலிருந்து வந்த சின்ன லைனையும் இரண்டாம் உலகப்போர் சமயத்தில் எடுத்துவிட்டார்கள். பக்கத்தில் தர்மபுரி–மொரப்பூர் பாதைக்கு 2019இல் அடிக்கல் நட்டார்கள். பாதைக்கு ஒப்புதலும் பணமும் டெல்லி தர வேண்டும், நிலம் எடுப்பது மாநில வருவாய்த்துறை. எம்.பி. தனியாக எவ்வளவு கத்தினாலும் பாதி தூரம்தான் போகும்.

எம்.பி.க்கு இன்னொரு தொல்லை, காதுகுத்து, துக்க வீடு. ஆறு தொகுதியிலும் எதிர்பார்ப்பார்கள். ஓசூர், தளிப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசத் தெரிந்திருந்தால் நல்லது.

என்னைக் கேட்டால், குவாரிக்காரர் டெல்லிக்குப் போகட்டும், மாங்கூழ்க்காரர் எதற்கு வேண்டுமானாலும் நிற்கட்டும். எம்.எல்.ஏ.வாக இருந்துகொண்டே எம்.பி.க்கு நின்று ஜெயித்தால் மட்டும் ஒன்று கவனிக்க வேண்டும்: அரசிதழில் அறிவிப்பு வந்த 14 நாளுக்குள் சட்டமன்றப் பதவியை ராஜினாமா செய்யாவிட்டால், போவது எம்.பி. பதவி.