கில்ட்டுக்கு எந்த ஜாக்கெட்: பிரின்ஸ் சார்லியா, ஆர்கைலா?

ஸ்காட்லாந்தில் கில்ட் (ஆண்கள் இடுப்பில் கட்டும், மடிப்பு வைத்த பாவாடை போன்ற உடை) உடுத்துபவர் முதலில் ஜாக்கெட்டை முடிவு செய்வது நல்லது. பெல்ட், பை, ஷூ எல்லாம் அதைப் பார்த்துத்தான் அமையும்.

பிரின்ஸ் சார்லி மாலை விருந்துக்கானது. முன்பக்கம் குட்டையாக வெட்டிய கறுப்பு ஜாக்கெட், வெள்ளி நிறப் பொத்தான்கள், உள்ளே மூன்று பொத்தான் வெயிஸ்ட்கோட் (கையில்லாத உள்கோட்), கழுத்தில் போ டை. வெயிஸ்ட்கோட்டே இடுப்பை மூடிவிடுவதால் பெல்ட் வேண்டாம். பெரிய பக்கிள் அடியில் துருத்திக்கொண்டு நின்றால் அழகே கெட்டுவிடும். முன்னால் தொங்கும் ஸ்பாரன் பைக்கு ரோமத்தோல் முகப்பும் வெள்ளி விளிம்பும் பொருந்தும். காலில் கறுப்பு கில்லி புரோக்: நாக்கு இல்லாத ஷூ, நீண்ட கயிற்றைக் கணுக்காலில் சுற்றிக் கட்டுவார்கள்.

ஆர்கைல் சற்று நீளம். பகலுக்கு ட்வீட் என்ற முரட்டுக் கம்பளித் துணியும் கொம்புப் பொத்தானும், சாதாரண டையும் போதும். தோல் எடுபடுவது இதில்தான். வெயிஸ்ட்கோட் இல்லையென்றால் அகலமான பெல்ட் கம்பீரமாக இருக்கும். ஸ்பாரன் முழுத்தோலில், செல்டிக் பின்னல் அச்சோடு இருக்கட்டும். பெல்ட், ஸ்பாரன், ஷூ மூன்றும் ஒரே நிறம். ட்வீட்டுக்குப் பழுப்பு அருமை.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் கறுப்பு ஆர்கைலையே சொல்வேன். ஸ்பாரனை மாற்றினால் கல்யாணத்துக்கும் சரி, அலுவலக விழாவுக்கும் சரி. அழைப்பிதழில் பிளாக் டை (மாலை விருந்துக்கான முறையான உடை) என்றிருந்தால் மட்டும் பிரின்ஸ் சார்லி.

அப்புறம், சாதாரண சூட் கோட்டை மேலே போடாதீர்கள். கில்ட்டைத் தொப்புள் உயரத்தில் கட்டுவதால், நீளக் கோட் மடிப்புகளையும் ஸ்பாரனையும் மறைத்துவிடும்.