அட்டவணையில் முதலிடம், வேட்டியில் தோல்வி

சாம்பார் கொட்டிப் பாழான பழைய வேட்டி ஒன்றை நாலாகக் கிழித்து, வீட்டில் கிடைக்கிற ஆக்சிஜனேற்றிகளில் (மற்றப் பொருளிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்குபவை) எது வலுவானது என்று பார்த்தேன். பாடப்புத்தகத்தின் திட்ட ஒடுக்க மின்னழுத்த அட்டவணைப்படி (எண் பெரிதானால் எலக்ட்ரானைப் பிடுங்கும் ஆசை அதிகம்) ஹைட்ரஜன் பெராக்சைடு 1.78 வோல்ட், பெர்மாங்கனேட் என்கிற கருஊதாப் படிகம் 1.51, காரக் கரைசலில் (அமிலத்துக்கு எதிரானது, சோப்புத் தண்ணீர் மாதிரி) இருக்கும் பிளீச் வெறும் 0.89. ஆக, பெராக்சைடுதான் ஜெயிக்க வேண்டும்.

ஜெயித்தது பிளீச். ஊற்றியதும் மஞ்சள் கறை ரத்தச் சிவப்பானது (காரம் பட்டால் மஞ்சள் அப்படித்தான், சோப்பு போட்டாலும் ஆகும், பயப்படாதீர்கள்), அப்புறம் சில நிமிடத்தில் இருந்த இடம் தெரியவில்லை. நாற்றம்தான் தாங்கவில்லை. கழிவறை ஆசிட்டோ வினிகரோ இதன் பக்கமே போகக்கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

மருந்துக்கடையில் வாங்கிய 6% பெராக்சைடு அரை மணி நேரம் ஊறியும் கறை வெளிறக்கூட இல்லை. 1.78 என்பது அமிலக் கரைசலுக்கான எண், அதுவும் வினை எவ்வளவு தூரம் போக விரும்புகிறது என்றுதான் சொல்லும், எவ்வளவு வேகமாகப் போகும் என்று சொல்லாது. அது போக, கடைக்காரர் வெளிச்சம் படும் அலமாரியில் கண்ணாடி போலத் தெளிவான பாட்டிலில் வைத்திருந்தார். பழுப்பு பாட்டிலில் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள், வெளிச்சம் பட்டால் அது தண்ணீரும் ஆக்சிஜனுமாகப் பிரிந்துகொண்டே இருக்கும். ரத்தக் கறைக்கு என்றால் நுரைத்துக்கொண்டு பிரமாதமாக வேலை செய்கிறது, அதற்காகவே மூன்று நட்சத்திரம்.

பெர்மாங்கனேட்டை துணிக்கு வாங்கவே வாங்காதீர்கள். அமிலம் இல்லாததால் பாதி வழியில் மாங்கனீசு டை ஆக்சைடு என்ற பழுப்புப் பொருளாக நின்றுவிட்டது, மஞ்சள் போய் மரப்பட்டை நிறத்தில் புதுக் கறை வந்ததுதான் மிச்சம். கடுப்பில் அந்தத் துண்டின்மேல் மட்டும் கொஞ்சம் வினிகரும் மீதிப் பெராக்சைடும் ஊற்றினேன். பொங்கி எழுந்து, பழுப்பு மொத்தமும் காணாமல் போனது! வேடிக்கை என்னவென்றால், இங்கே பெராக்சைடு எலக்ட்ரானைப் பிடுங்கவில்லை, கொடுத்தது. அட்டவணையில் முதலில் நின்ற ஆக்சிஜனேற்றி, என் வேட்டியில் ஒடுக்கியாக, அதாவது எலக்ட்ரானைக் கொடுப்பதாக, இருந்துதான் பெயர் வாங்கியது.

நாலாவது துண்டை சோப்பு போட்டுத் துவைத்து மொட்டைமாடிக் கொடியில் போட்டு மறந்தே போனேன். மூன்றாம் நாள் எடுத்தபோது மஞ்சள் இல்லை, வெயிலே வெளுத்திருந்தது.