"கியர் பாக்ஸ் போச்சு" என்று சொன்னால் உடனே பணத்தை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்

கீழக்கரை, ஏர்வாடி, மண்டபம் பக்கம் பழைய ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். செய்யாத வேலைக்கு 48,000 ரூபாய் கொடுத்திருக்கிறேன். அதைவிடப் பெரிய நஷ்டம் பின்னாடி வந்தது.

வண்டி ஹூண்டாய் ஐ10, 4 கியர் ஆட்டோமேட்டிக், 1,72,000 கிலோமீட்டர் ஓடியது. வாப்பாவுக்கு இடது முழங்காலில் ஆபரேஷன் ஆனபிறகு கிளட்ச் மிதிக்க முடியவில்லை, அவருக்காகவே வாங்கியது. பாம்பனில் ஒரு நிக்காஹ்வுக்குப் போனோம். பாலத்தில் ஏற ஆரம்பித்ததும் எஞ்சின் மட்டும் கத்துகிறது, ஆர்பிஎம் முள் 4,000-ஐத் தாண்டிப் போகிறது, வண்டி 40-க்கு மேல் நகரவில்லை. பின்னால் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வருகிறது, பாலத்தில் ஒதுங்கவும் இடமில்லை. வாப்பா கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் ராமநாதபுரத்தில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்தவர் அஞ்சு நிமிஷம் ஓட்டிப் பார்த்துவிட்டு, "பாய், பெட்டி முடிஞ்சிருச்சு, கிளட்ச் பிளேட் எல்லாம் தேஞ்சிருக்கும், இத்தனை கிலோமீட்டருக்கு இவ்வளவு நாள் ஓடுனதே பெருசு" என்றார். (ஆட்டோமேட்டிக்கில் மிதிக்கிற கிளட்ச்தான் கிடையாது, கியரைப் பிடிக்கும் கிளட்ச் பிளேட்டுகள் பெட்டிக்குள்ளேயே இருக்கும்.) லட்சத்து எழுபதாயிரம் ஓடிய வண்டி என்றதும் நானும் நம்பிவிட்டேன், யாராக இருந்தாலும் நம்பத்தான் செய்வோம். ஆனால் அவர் டிப்ஸ்டிக்கை (கியர் ஆயில் அளவு பார்க்கும் கம்பி) இழுத்துக்கூடப் பார்க்கவில்லை, வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் மாட்டவில்லை, வண்டிக்கு அடியில் குனியவும் இல்லை. இது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

பிளேட் மாற்றுவதற்கென்றுதான் அந்த 48,000 ரூபாயைக் கொடுத்தேன். நாலு நாளில் வண்டி வந்தது. நன்றாகவே ஓடியது. பழைய பிளேட்டைக் கேட்டேன், "அது குப்பைக்குப் போயிருச்சு பாய்" என்றார்கள். பில் என்று கொடுத்தது ஒரு துண்டுச் சீட்டு, ஜிஎஸ்டி நம்பர் கிடையாது. ஒன்பதாவது நாள், தேவிபட்டினம் போகும் வழியில் அதே கத்தல். பட்டறைக்குப் போன் அடித்தால் எடுக்கவே இல்லை.

தெரிந்தவர் சொல்லி மதுரையில் ஒருவரிடம் கொண்டுபோனேன், வயசானவர், ஆட்டோமேட்டிக் பெட்டி வேலை மட்டும் பார்ப்பவர். அவர் செய்ததை அப்படியே சொல்கிறேன், உங்களுக்கு உதவும். முதலில் எஞ்சினைச் சூடேற்றி, சமதரையில் நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி லிவரை எல்லா இடத்துக்கும் ஒரு சுற்று கொண்டுபோய் நியூட்ரலுக்கு வந்து, எஞ்சின் ஓடும்போதே டிப்ஸ்டிக்கைப் பார்த்தார் (இது எங்கள் வண்டிக்கான முறை, சில வண்டிகளில் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும், மேனுவலில் இருக்கும்). ஆயில் நுனியில்கூட ஒட்டவில்லை. கொஞ்சம் வடித்து டிஷ்யூ பேப்பரில் விட்டுக் காட்டினார். சிவப்பாக இருக்க வேண்டியது காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது, கருகிய வாடை லேசாக அடித்தது.

"தம்பி, ஆயில் குறைஞ்சா பம்பு காத்தை இழுக்கும், பிரஷர் வராது, பிரஷர் இல்லாட்டி பிளேட் எப்படிப் பிடிக்கும்? வழுக்கத்தான் செய்யும்" என்றார். ஸ்கேனரில் பி0730 வந்தது, கியர் விகிதம் தப்பாக இருக்கிறது என்பதற்கான பிழைக் குறியீடு. அது வழுக்குவதைச் சொல்லுமே தவிர காரணத்தைச் சொல்லாது, அதை வைத்துப் பெட்டியை இறக்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள் என்றும் சொன்னார்.

அப்புறம் வண்டியைத் தூக்கினார். ரேடியேட்டருக்குப் போகும் கியர் ஆயில் குழாயில், கிளாம்ப் பிடிக்கும் இடத்தில் துரு ஏறி, ஊசி முனை அளவு ஓட்டை. எல்லாம் நம்ம கடல் காத்துதான். வண்டி சூடாகி ஓடும்போது மட்டும் கசிந்திருக்கிறது, கசிந்ததும் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டில் தேங்கிவிட்டதால் வீட்டு வாசலில் ஒரு சொட்டு ஆயிலைக்கூட நான் பார்த்ததில்லை.

பெட்டியை எஞ்சினோடு சேர்க்கும் போல்ட்டுகளை டார்ச் அடித்துக் காட்டினார். உப்பு வெள்ளையாகப் பூத்து, அதன் மேல் வருஷக்கணக்கான மண் கெட்டியாகப் படிந்திருக்கிறது. ஒரு போல்ட்டின் தலையிலாவது ஸ்பேனர் பட்ட பளபளப்பு இல்லை. பெட்டிக்கு அடியில் இருக்கும் ஆயில் தட்டின் போல்ட்டும் அப்படியேதான். பெட்டியை இறக்கவே இல்லை, ஆயிலை மட்டும் ஊற்றி அனுப்பியிருக்கிறார்கள். அதனால்தான் ஒன்பது நாள் ஓடியது.

குழாய், கிளாம்ப், எஸ்பி-3 என்ற வகை கியர் ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 6,200 ரூபாய் ஆனது. ஒரு தடவை வடித்தால் பழைய ஆயில் முழுசாக வராது, எஞ்சினையும் பெட்டியையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரில் நிறைய நின்றுவிடும் என்பதால் 500 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இன்னொரு தடவை மாற்றச் சொன்னார்.

ஆனால் அந்த ஒன்பது நாளில் ஆயில் குறையக் குறைய ஓட்டியதில் பிளேட் நிஜமாகவே கொஞ்சம் கருகிவிட்டது. இப்போது காலையில் முதல் தடவை எடுக்கும்போது இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகையில் ஒரு இழுவை தெரிகிறது. முதல் நாளே குழாயைப் பார்த்திருந்தால் இது வந்திருக்காது. இதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் பேசினேன். ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். துண்டுச் சீட்டு மட்டும் என்றால் திணறியிருப்பேன், நல்லவேளை பணம் ஜிபேயில் அனுப்பியது. போல்ட்டுகளைத் தேதியோடு போட்டோ எடுத்தாயிற்று, மதுரைக்காரரிடம் கையெழுத்தோடு எழுதி வாங்கியிருக்கிறேன், ஓட்டை விழுந்த குழாயும் கைவசம் இருக்கிறது. அதே பட்டறையில் இப்படிப் பணம் கட்டியவர்கள் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே மனு போடலாம்.