ஸ்கேன்கோட் டூல்கிட்: பேக்கேஜ் செய்பவரின் பார்வையில்

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கு ஒரு மென்பொருளைப் பேக்கேஜ் செய்யும்போது, அதாவது எளிதாக நிறுவக்கூடிய பொதியாக்கும்போது, என் நேரத்தை அதிகம் தின்பது காப்பிரைட் கோப்புதான். மூலநிரலில் இருக்கும் ஒவ்வொரு கோப்பும் யாருடையது, எந்த உரிமத்தில் வந்தது என்று அதில் எழுதியாக வேண்டும். புதிய பேக்கேஜ் என்றால் டெபியனின் சரிபார்ப்புக் குழு ஒன்று அதைத் திறந்து சரிபார்த்த பிறகுதான் உள்ளே விடும். அது நியாயமும்கூட. எழுதியவர் வைத்த நிபந்தனையை மதிக்காமல் அவருடைய நிரலை ஊருக்கெல்லாம் விநியோகிப்பது தவறு.

இந்த உரிமங்களைக் கண்டுபிடிக்க முன்பு லைசென்ஸ்செக் என்ற கருவியை மட்டும் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். வேகமானது, ஆனால் பெரும்பாலும் கோப்பின் தலைப்பகுதியைப் பார்த்துவிட்டுப் போய்விடும். அதே வேலையைச் செய்யும் ஸ்கேன்கோட் டூல்கிட், கோப்பு முழுவதையும் தன்னிடம் உள்ள ஆயிரக்கணக்கான உரிம வாசகங்களோடு ஒப்பிடுகிறது. எந்த வரியில் தொடங்கி எந்த வரியில் முடிகிறது, எத்தனை சதவீதம் பொருந்துகிறது என்றும் சொல்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது இந்த வரி எண்தான். கருவி சொல்வதை அப்படியே நம்பத் தேவையில்லை, நேராக அந்த வரிக்குப் போய் நாமே படித்துப் பார்க்கலாம்.

இதன் அருமை, பிறருடைய நிரலை நகலெடுத்து வைக்கும் வெண்டார் கோப்புறைகளில் தெரியும். திட்டத்தின் முகப்பில் எம்ஐடி என்ற எளிய கட்டற்ற உரிமத்தின் பெயரைப் போட்டிருப்பார்கள். உள்ளே யாரோ எப்போதோ நகலெடுத்து வைத்த, ஜேசன் என்ற தரவு வடிவத்தைப் படிக்கும் பழைய நூலகம் ஒன்று கிடக்கும். அதன் உரிமம் கிட்டத்தட்ட எம்ஐடி வாசகம்தான், ஆனால் நடுவில் ஒரு வரி கூடுதல்: மென்பொருளை நல்லதற்குத்தான் பயன்படுத்த வேண்டும், தீயதற்கு அல்ல. பயன்பாட்டுக்கு வரம்பு வைப்பதால் டெபியன் இதைக் கட்டற்ற உரிமமாக ஏற்பதில்லை. அவசரமாகப் படிக்கும் கண் இதை எம்ஐடி என்றே கடந்துவிடும். ஸ்கேன்கோட் அதைத் தனி உரிமமாகப் பிரித்துக் காட்டுகிறது.

அதேபோல் ஜிபிஎல் என்ற இன்னொரு கட்டற்ற உரிமத்தில் ‘ஜிபிஎல் 2 மட்டும்’, ‘ஜிபிஎல் 2 அல்லது அதற்குப் பிந்தையது’ இரண்டையும் குழப்பாமல் தருகிறது. சின்ன வித்தியாசம் மாதிரி தோன்றும். ஆனால் அப்பாச்சி 2.0 உரிமம் ஜிபிஎல் 3 உடன் ஒத்துப்போகும், ஜிபிஎல் 2 உடன் ஒத்துப்போகாது என்பது கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிலைப்பாடு. 2021இல் மறையாக்க நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல் தன் 3.0 பதிப்பில் அப்பாச்சி 2.0க்கு மாறியபோது, ‘பிந்தையது’ என்று எழுதிவைத்த திட்டங்களுக்கு அதை இணைத்துக்கொள்ள ஜிபிஎல் 3 வழியாக ஒரு கதவு திறந்தது. ‘மட்டும்’ என்று எழுதியவர்களுக்கு, விதிவிலக்கு ஏதும் சேர்த்திருந்தால் தவிர, அது திறக்கவில்லை. இரண்டு நூலகங்கள் தனித்தனியே கட்டற்றவையாக இருந்தாலும் ஒன்றாக இணைத்து வெளியிட முடியுமா என்பது வேறு கேள்வி. அதற்கு ஸ்கேன்கோட் பதில் சொல்லாது. பட்டியலை வைத்துக்கொண்டு நாம்தான் யோசிக்க வேண்டும்.

சார்புகள், அதாவது ஒரு நிரலுக்குத் தேவையான பிற நூலகங்கள், விஷயத்தில் பாதிக் கிணறுதான் தாண்டுகிறது. ஜாவாஸ்கிரிப்ட், ரஸ்ட், ஜாவா திட்டங்களில் முறையே இருக்கும் பேக்கேஜ் ஜேசன், கார்கோ, மேவன் கோப்புகளைப் படித்து அவற்றில் அறிவித்த சார்புகளைத் தருகிறது. ஆனால் அந்தச் சார்புகளின் நிரலை இறக்கி அவற்றின் உரிமத்தைத் தேடுவதில்லை. சி நிரல்களுக்கு அப்படி அறிவிக்கும் கோப்பே பெரும்பாலும் இருக்காது. அங்கே கம்பைல் செய்த பிறகு டெபியனின் டிபிகேஜி ஷ்லிப்டெப்ஸ் கருவி எந்தப் பகிர்வு நூலகங்கள் இணைந்துள்ளன என்று பார்த்துச் சொல்லும். அதற்கும் ஸ்டாட்டிக்காக, அதாவது நிரலுக்குள்ளேயே கலந்து, சேர்ந்தவை தெரியாது. ஆகவே ஒன்றை வைத்துச் சமாளிக்க முடியாது, இரண்டையும் ஓட்டுங்கள்.

குறைகளும் உண்டு. பெரிய திட்டமென்றால் மெதுவாக ஓடும். ஒரே வரியாகச் சுருக்கிய ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளில் திணறும். ஒரு கோப்புக்கு 120 விநாடி தாண்டினால் பிழை என்று குறித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். முடிவில் அந்தப் பிழைப் பட்டியலைப் பார்க்காமல் விடாதீர்கள். அப்புறம், மாற்றக் குறிப்பில் ‘ஜிபிஎல்லில் இருந்து எம்ஐடிக்கு மாறினோம்’ என்று எழுதியிருந்தால் இரண்டு உரிமங்களையும் காட்டும். டெபியன் வடிவத்திலேயே காப்பிரைட் கோப்பைத் தரும் வசதி இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு கோப்புக்கும் தனிப் பத்தி போட்டு நீட்டிவிடும். அதைத் தொகுத்துச் சுருக்குவது கைவேலைதான்.

கருவி அப்பாச்சி 2.0இலும் அதன் உரிமத் தரவு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்திலும் கிடைக்கிறது, பைதானின் பிப் வழியாக நிறுவலாம். நான் முதல் பேக்கேஜோடு நிறுத்துவதில்லை. மூலத் திட்டம் புதிய பதிப்பு வெளியிடும்போதெல்லாம் ஓட்டி, முந்தைய முறை ஜேசன் கோப்பாகச் சேமித்த முடிவோடு ஒப்பிடுகிறேன். யாராவது புதிதாக ஒரு நூலகத்தை நகலெடுத்து உள்ளே வைத்திருந்தால், பதிவேற்றும் முன்பே தெரிந்துவிடுகிறது.