கிட்டார்: வாத்தியாரா, யூடியூபா?

கிட்டாரை வாத்தியாரிடம் கற்பதா, யூடியூப் பார்த்துத் தானாகக் கற்பதா? காசுக் கணக்கு மட்டும் பார்த்தால் இதில் அலச ஒன்றுமே இல்லை. ஜஸ்டின் சாண்டர்கோவின் ஜஸ்டின்கிட்டார் தளத்தில் அரிச்சுவடியிலிருந்து வரிசையாகப் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. சுருதி சேர்க்க ட்யூனர், தாளம் தட்ட மெட்ரோனோம் எல்லாம் போனிலேயே வந்துவிட்டன. நள்ளிரவில்கூட ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கலாம், யாரும் முகம் சுளிக்கப்போவதில்லை.

ஆனால் வீடியோ உங்கள் கையைப் பார்க்காது. எஃப் கார்டையே எடுத்துக்கொள்ளுங்கள் (கார்டு என்றால் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு). ஆள்காட்டி விரலால் முதல் ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தில் குறுக்குக் கம்பிகளுக்கு இடையிலுள்ள கட்டம்) ஆறு தந்திகளையும் சேர்த்து அமுக்க வேண்டும். சத்தம் செத்துப்போய் வந்தால், தனியாகக் கற்பவர் இன்னும் பலம் கொடுத்து அழுத்துவார். மணிக்கட்டு வலிக்கும், சத்தம் அப்படியேதான் இருக்கும். வாத்தியார் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்: விரலை ஃப்ரெட் கம்பியை ஒட்டி நகர்த்து, லேசாகப் பக்கவாட்டில் சாய், கட்டைவிரலைக் கீழே இறக்கு. சில சமயம் குற்றம் விரலிலேயே இருக்காது. மலிவு கிட்டார்களில் தந்தி பலகையிலிருந்து ரொம்ப உயரத்தில் நிற்கும். கடையில் கொடுத்து இறக்கி வாங்கினால் பாதி வேதனை தீரும். புதிதாகக் கற்பவருக்கு இது எப்படித் தெரியும்?

தாளமும் இப்படித்தான். ஜி கார்டிலிருந்து சி கார்டுக்கு மாறும்போது நாம் விடும் இடைவெளி நம் காதிலேயே விழாது. பக்கத்தில் ஒருவர் காலைத் தட்டிக்கொண்டிருந்தால் உடனே மாட்டிக்கொள்வோம்.

அதற்காக வாத்தியார் என்றாலே உசத்தி என்று சொல்லவில்லை. எட்டுப் பேரை வட்டமாக உட்காரவைத்து நடத்தும் கிளாஸில் உங்கள் கையை யார் பார்ப்பது? படிப்படியாக எழுதும் கிரேடு இசைப் பரீட்சையையே குறியாக வைத்து, அதே மூன்று பீஸை மாதக்கணக்கில் உருப்போட வைப்பவர்களும் உண்டு.

அமெரிக்க ராக் கிட்டார் மேதை ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் தானாகக் கற்றவர், நோட்டேஷன் (எழுதிய இசைக் குறிப்பு) படிக்கத் தெரியாது என்று உடனே கிளம்பிவிடுவார்கள். உண்மைதான். ஆனால் பெயர் வாங்குவதற்கு முன் அவர் பாடகர் லிட்டில் ரிச்சர்ட் உட்படப் பலருக்குப் பின்னால் நின்று வாசித்தவர். அறைக்குள் தனியாக உட்கார்ந்து வந்த வித்தை இல்லை அது. இந்தப் பக்கம் இளையராஜா, இசை ஆசிரியர் தன்ராஜ் மாஸ்டரிடம் முறையாகப் பயின்றவர்.

என் கட்சி இது: முதல் மூன்று நான்கு மாதம் தனி வகுப்பு, பிறகு யூடியூப், எங்காவது சிக்கினால் மட்டும் மறுபடி வாத்தியார். சேருமுன் ஒரு டெமோ கிளாஸ் கேளுங்கள். அவர் தன் திறமையைக் காட்டி வாசித்துக்கொண்டே இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.