டிக்டேஷனா, படம் பார்த்து எழுதுவதா?

மூன்றாம் வகுப்பில் "தமிழ் நோட்டை எடுங்க" என்றதும் சில பிள்ளைகளுக்குப் பென்சில் முனை உடைந்துவிடும், சிலருக்கு ஒன்றுக்கு வந்துவிடும். எழுதவே பிடிக்காது என்று அர்த்தமில்லை. எதை எழுதச் சொல்கிறோம் என்பதில்தான் விஷயம்.

டிக்டேஷன் என்றால் பத்துச் சொல், பத்து மதிப்பெண். நன்றாக எழுதுகிற பிள்ளைக்கு அது குஷி. தடுமாறுகிற பிள்ளைக்கு வயிற்றைக் கலக்கும். 'பள்ளி' என்பதைப் 'பல்லி' என்று எழுதினால் சிவப்பு மையில் ஒரு சுழி. ஆனால் சில வீடுகளின் பேச்சில் ல, ள, ழ மூன்றும் ஒன்றாகவே காதில் விழும்போது குழந்தை என்ன செய்யும்? மூன்றாவது சொல்லில் திணறினால் நான்காவதும் போச்சு. பக்கத்து நோட்டை எட்டிப் பார்ப்பது இங்கேதான் தொடங்குகிறது.

படம் கொடுத்தால் முகம் மலரும். ஆனால் சும்மா கொடுத்தால், "இது மாடு. இது மரம். இது கிணறு." முடிந்தது! முதலில் ஐந்து நிமிடம் பேச விடுங்கள். "மாடு ஏன் ஓடுது?" என்றால் "கயிறு அவுந்திருச்சு மிஸ்" என்று பதில் வரும். அவர்கள் சொன்ன ஆறேழு சொற்களைக் கரும்பலகையில் எழுதிவையுங்கள். திருத்தும்போது இரண்டு பிழை போதும், அதுவும் பென்சிலால்.

வாரத்தில் மூன்று நாள் படத்துக்கு. டிக்டேஷனுக்கு இரண்டு நாள், ஐந்தே சொல், முந்தின நாளே சொல்லிவிட்டு. எழுதச் சொல்லும்போது சொல்லை ஒரு வாக்கியத்தில் வைத்துச் சொல்லுங்கள்: "பள்ளி மணி அடித்தது. பள்ளி." மதிப்பெண் வேண்டாம், புத்தகத்தைப் பார்த்துத் தாங்களே திருத்தட்டும்.